எச்சில் டிக்‌ஷனரி

முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். அப்புறம் படிக்கலாம்.

நம் செட்டில் சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சீக்கிரம் தொப்பையும் போட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவன் போன வாரம் எனக்குப் போன் செய்தான். மகள் மூன்றாம் வகுப்பாம். செல்போனில் அர்த்தம் தேடுகிற வேலையெல்லாம் வேண்டாம், அச்சடித்த டிக்‌ஷனரி கொண்டு வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"மச்சான், நல்ல டிக்‌ஷனரியா ஒண்ணு சொல்றா. தெனிக்கும் பொரட்டிப் பாக்கற மாரி இருக்கணும்."

"என்னாண்டயா கேக்கற? நா பத்தாவது இங்கிலீஷ் பேப்பர்ல பேரும் நம்பரும் எய்திட்டு, மீதிய அவுங்களயே எய்திக்கச் சொல்லிட்டு வந்தவன்டா."

"ஒங்க அக்கா படிச்சவங்கதானே? அவங்கள கேட்டுச் சொல்லேன்."

அக்காவைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டிக்‌ஷனரி வாங்குகிற விஷயத்தில் அம்பத்தூரில் என்னைவிட விவரம் தெரிந்தவன் கிடையாது. என்ன கஷ்டம் என்றால், எனக்குத் தெரிந்ததை நினைத்தாலே வயிற்றைப் புரட்டும். நீங்கள் எல்லோரும் அந்த வருஷம் என்னோடு கோலி ஆடியவர்கள். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். எதற்காக ஓடினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. இப்போது சொல்கிறேன்.

நான் அப்போது ஆறாவது. அக்கா பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பதினொன்றாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கான படிப்பெல்லாம் இங்கிலீஷில்தான் என்று எங்கேயோ கேட்டுவிட்டாள். வகுப்பு மிஸ் ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார். காலாண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறினால் அங்கேயே இருக்கலாம். தேறவில்லை என்றால் சயின்ஸ் குரூப்பை விட்டுத் தையல் குரூப்புக்குப் போய்விட வேண்டும். அம்மா அதற்கு மேல் ஒன்று சேர்த்தாள். தையல்தான் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு, நான் வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியிலேயே அவளையும் மிஷினில் உட்கார வைத்துவிடுகிறேன் என்றாள்.

அக்கா பயாலஜி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அது எழுந்து கடிக்க வரும் என்பது போல எட்டி உட்கார்ந்திருப்பாள்.

"யக்கா, இன்னா பாடம்?"

"தெர்ல."

"இன்னா போட்டுக்கீது?"

"அதுவும் தெர்ல. எருமே, ஓடிப் போய்டு."

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தார்ப்பாய், அதன் கீழே மலை மலையாகப் புத்தகம், நடுவில் ஸ்டூல் போட்டு ஒரு அண்ணாத்தே. கருவாட்டுக் கடைக்கு அடுத்து என்பதால் அங்கே விற்கிற கணக்குப் புத்தகத்தில்கூட நெத்திலி வாசம் வரும். ஒரு கட்டை நகர்த்தினால் கரப்பான்பூச்சிக் குடும்பம் ஒன்று கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்யும். அக்கா ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். இருக்கிற டிக்‌ஷனரி எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னாள்.

அவள் அதைப் பார்த்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பாள். அதன் அர்த்தத்தைப் படிப்பாள். அந்த அர்த்தத்தில் தெரியாத வார்த்தை ஒன்று வந்தால், அதையும் அதே புத்தகத்தில் தேடுவாள். அங்கேயும் தெரியாத வார்த்தை வந்தால் புத்தகத்தை மூடித் தள்ளிவிடுவாள்.

"இன்னாமா, பொண்ணு பாக்க வந்த மாப்ள ஊட்டுக்காரன் மாரி ஒவ்வொண்ணா தள்ளிகினே போற?" என்றார் அண்ணாத்தே.

"அர்த்தம் தெர்லன்னுதானே இத்த வாங்கறோம். இது சொல்ற அர்த்தமே புரியலன்னா இன்னாத்துக்கு அண்ணே?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. பாதிச் செங்கல் அளவு. நீல அட்டை, மூலை நான்கும் மழுங்கிப் போயிருந்தது. தரையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடந்தது. எழுத்து கண்ணை உறுத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும், அதை வைத்து மனிதர்கள் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தது. அக்கா 'அப்ஸார்ப்' என்ற வார்த்தையை எடுத்தாள். தரையில் கொட்டிய தண்ணீரைத் துணி இழுத்துக்கொள்கிற மாதிரி உள்ளே இழுத்துக்கொள்வது என்று போட்டிருந்தது. ஒரே தாவில் வந்துவிட்டது.

"டேய், வேரு தண்ணிய இழுக்குதுன்னு தமிழ்ல படிச்சேன் இல்ல? அதான்டா இது! நமக்குத் தெரிஞ்சதுதான்டா!"

நெத்திலி நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அப்படிச் சிரித்தாள். அண்ணாத்தே அந்த நீலத்தை எடுத்துத் தன் ஸ்டூலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். "ஊட்ல கேட்டுட்டு வா. யாருக்கும் குட்க்க மாட்டேன்."

இனிமேல்தான் எங்கள் நைனா வருகிறார்.

நைனாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை. நாள் பூராவும் கிரீஸில் முழுகி எழுந்திருக்கிற மனிதர். அதெல்லாம் அவருக்கு அழுக்கே இல்லை. எச்சில்தான் ஆகாது. கம்பெனியில் டீ குடிக்கத் தனி டம்ளர் வைத்திருந்தார். வீட்டில் யாராவது சொம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டால், அந்தச் சொம்பு சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த பிறகுதான் மறுபடி சொம்பு. நான் கடித்த மாங்காயை அக்கா கடித்தாள் என்று ஒருநாள் சோற்றுத் தட்டையே தள்ளிவிட்டு எழுந்து போனவர். அவரிடம் போய் அக்கா பழைய டிக்‌ஷனரி என்றாள்.

"பயசா? எவன் எவனோ எச்சி தொட்டுப் பொரட்டின புக்கு. எவனுக்கு இன்னா சீக்கோ! கலீஜு. அத்த இந்த ஊட்டுக்குள்ள எட்தாராத."

"உள்ள நல்லா கீது நைனா. ஒரு பக்கம் கூட கியியல."

"த பாரு. நா சின்ன வயசுல போட்டுக்கினது பூரா ஆண்ட ஊட்டுப் புள்ளைங்க அவுத்துப் போட்ட சட்ட. படிச்சது அவனுங்க கிறுக்கின புக்கு. தின்னது அவனுங்க தட்டுல மீந்தது. எம் பொண்ணு கைல தொட்றது புச்சாத்தான் இருக்கணும். ஆங்."

அந்த வருஷம் முழுக்க நைனா பேசியதில் யோக்கியமான பேச்சு இது ஒன்றுதான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. ஏதோ பழைய சட்டைக் கதை என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன பிரயோஜனம்? அதற்கு அடுத்து அவர் செய்தது வாந்தி வரவழைக்கிற வேலை. புதுப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை மாமாவிடம் கொடுத்தார்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. திருமழிசையில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் பெயரை எழுதுகிற வேலை. கழுத்தில் அடையாள அட்டை. கல்யாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார், கருமாதிக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார். சட்டையை பேண்டுக்குள் விட்டிருப்பதால் எங்கள் சொந்தத்தில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் ஜட்ஜ். வாயில் எப்போதும் பான் அதக்கியிருப்பார். உதட்டோரம் செங்கல் கரைத்த மாதிரி ஒழுகும்.

"அதே நீல புக்கு புச்சா கெடைக்கும் மாமா. கட பேரு கேட்டுக்கினு வரவா?" என்று அக்கா ஒரு வழி சொல்லிப் பார்த்தாள்.

"எத்தினி பெருசு?"

அக்கா கையை வைத்துக் காட்டினாள்.

"அய்ய. அது கொயந்தைங்க புக்கு. பதினொண்ணாவதுக்கு அது பத்தாது பாப்பா. நீ கம்முனு இரு, மாமா பாத்துக்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசை வீடுகளுக்கு டை கட்டிய ஆள் ஒருவன் வந்தான். தோளில் தொங்கிய பை கிழிந்துவிடும் போல இருந்தது. மாமா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் பையிலிருந்து எடுத்துப் போட்டது டிக்‌ஷனரி இல்லை, அம்மிக்கல். அட்டையில் உலக உருண்டை. மேலே தங்க எழுத்து. ஓரத்தில் ஏ, பி, சி என்று படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தது.

மாமா அதை இரண்டு கையாலும் தூக்கி இறக்கிப் பார்த்தார். தங்க எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். பூசணிக்காய் வாங்குகிறவன்கூட அதைத் தட்டித்தான் பார்ப்பான். இவர் தட்டியும் பார்த்தார்.

"எல்லா வார்த்தயும் கீதா இதுல?"

"இதுல இல்லாத வார்த்தை இங்கிலீஷ்லயே இல்ல சார்."

"எங்க, 'செக்யூரிட்டி' காட்டு."

அவன் காட்டினான். மாமா நைனாவைப் பார்த்தார். "கீது மச்சான். பர்ஸ்ட் கிளாஸ் புக்கு."

அப்புறம் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று மாமா அந்த டிக்‌ஷனரியை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சொல்லவே கூசுகிறது. கட்டை விரலை வாய்க்குள் விட்டு, பான் சாறில் நன்றாக முக்கி, பளபளவென்று எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு முத்திரை வைத்தார். ஏ-யிலிருந்து எஃப் வரைக்கும் சிவப்பு. நூல் நூலாக எச்சில் இழுத்துக்கொண்டு வந்தது. நைனா பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருப்பேனா?

"நைனா, மாமா எச்சி பட்டா அது எச்சி புக்கு இல்லியா?"

பளார் என்று விழுந்தது. நைனா கையில் இருந்து இல்லை, அம்மா கையில் இருந்து. தம்பியாச்சே.

அம்மிக்கல் எங்கள் வீட்டு ஷோகேஸில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் பூஜாடி, இந்தப் பக்கம் நைனாவின் கபடிக் கோப்பை. அம்மிக்கல் மேல் ஒரு கண்ணாடித் தாள் உறை. ஷோகேஸ் சாவி அம்மாவின் இடுப்பில். வீட்டுக்கு யார் வந்தாலும் நைனா எழுந்து போய், "பொண்ணுக்கு வாங்கினது" என்று விரலை நீட்டுவார். வந்தவர்கள் உடம்பை வளைத்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா" என்பார்கள். அத்தோடு அதன் வேலை முடிந்தது.

அக்காவுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றால் கை கழுவ வேண்டும், அம்மாவிடம் சாவி கேட்க வேண்டும், நான் ஒரு பக்கம் பிடித்து இறக்க வேண்டும், தலையணை மேல் படுக்க வைக்க வேண்டும். கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்ளும். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. மட்டமான கோந்து போட்டு ஒட்டியதால் பிரித்தவுடன் செத்த பல்லி வாசம் வரும். அவ்வளவும் தாண்டி உள்ளே போய் 'அப்ஸார்ப்' என்று தேடினால், 'இம்பைப்' என்று போட்டிருந்தது. 'இம்பைப்' என்று தேடினால் 'அஸிமிலேட்' என்றது. 'அஸிமிலேட்' என்று தேடினாள். 'அப்ஸார்ப்' என்றது.

அக்கா மறுபடி 'அப்ஸார்ப்' பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மூடினாள்.

"இது நம்பள டபாய்க்குதுடா."

மாமாவிடம் சொன்னதற்கு, "புக்கு பெருசு பாப்பா, ஒன் மூள சின்னது. இன்னா பண்றது?" என்று பான் மெல்லத் தொடங்கினார்.

ஆகஸ்டில் வகுப்புத் தேர்வு வைத்தார்கள். அக்கா பயாலஜியிலும் கெமிஸ்ட்ரியிலும் சறுக்கினாள். மிஸ் கூப்பிட்டு, "காலாண்டும் இப்படியே போச்சுன்னா தையல்தான்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசரிடம் பேச்சுக் கொடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாளே அக்கா தன் பத்தாம் வகுப்புத் தமிழ் மீடியம் கைடு எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு ஆவடிக்குப் போனாள். அண்ணாத்தே அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு நீலத்தை எடுத்துக் கொடுத்தார். மாற்றுக்கு மாற்று. திரும்பி வரும்போது, "இனிமே தமிழ்லயும் போய் ஒக்கார முடியாதுடா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதன் பிறகு பத்து வார்த்தை தேடுகிற நேரத்தில் ஒரு பாடமே முடிந்தது. நீலம் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே இருக்கும். நைனா ஷிப்டுக்குப் போனதும் வெளியே வரும், வந்ததும் உள்ளே போகும். படிக்கும்போது அவளுக்கு உதடு அசையும். முன்னெல்லாம் அசைந்தால் அது என்னைத் திட்டுவதற்காக இருக்கும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நைனா அந்தப் பைக்குள் கையை விட்டார். பேனா தேடினாராம். கையில் நீலம் வந்தது. பிரித்தார். முதல் பக்கத்தில் யாரோ ஒருவனின் பெயர். நடுப் பக்கத்தில் நசுங்கிய கொசு ஒன்று, அதன் ரத்தத்தோடு. இன்னொரு இடத்தில் ஒரு நீளமான முடி. ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. நைனாவுக்கு முகம் கோணிப் போயிற்று. பாம்பைப் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா இது?"

"நைனா, காலாண்டு முடிய வரைக்கும்..."

"அடுத்தவன் எச்சிய ஊட்டுக்குள்ள வெச்சிகினு சோறு துன்றோமா எல்லாரும்? அம்மாம் பெரிய புக்கு வாங்கி வெச்சிக்கறேன், ஒனக்குப் பிச்சக்காரப் புத்தி!"

"அது புரியல நைனா. இது புரியுது."

நைனா வாசலுக்குப் போனார். எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு காவாய் ஓடும், ஞாபகம் இருக்கிறதா? எல்லா வீட்டுப் பாத்ரூமும், மீன் கழுவிய தண்ணீரும், எஸ்டேட்டிலிருந்து வருகிற எண்ணெயும் அதில்தான். மேலே வானவில் கலரில் ஒரு ஏடு படிந்திருக்கும். அதற்குள் விட்டெறிந்தார். பொதக் என்று ஒரு சத்தம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். போகிற வழியில் குழாயில் கை கழுவிக்கொண்டு போனார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"டேய், காலப் புடி."

"யக்கா, வாணாம். உள்ள இன்னா இன்னா கீதோ."

"புடிடா எருமே!"

அவள் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். நான் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே கலக்கக் கலக்க, அடியில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த நாற்றமெல்லாம் எழுந்து வந்தது. முதலில் ஒரு செருப்பு வந்தது. அப்புறம் ஒரு கோழித் தலை. அப்புறம் சொல்ல முடியாத ஒன்று வந்தது, அதை அவள் தூரப் போட்டாள். கடைசியில் நீலம் வந்தது. நீலமாக இல்லை.

"காவா கலெக்டர் வாழ்க!" என்று நான் கத்தினேன். அவள் அந்தக் கையாலேயே என் முகத்தில் ஒரு தடவு தடவினாள். இதை எழுதும்போதுகூட எழுந்து போய்க் குளித்துவிட்டு வரலாமா என்று இருக்கிறது.

அடிபம்பில் வைத்துக் கழுவினோம். பக்கம் பக்கமாகப் பிரித்துத் துணி காயப்போடுகிற கயிற்றில் தொங்கவிட்டோம். வெயில் பட்டதும் நாற்றம் இரண்டு மடங்காகிவிட்டது. அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நாற்றத்தை வேகவைத்த மாதிரி ஆயிற்று. பாச்சா உருண்டை போட்டாள், ஊதுவத்திப் புகை காட்டினாள், முகப் பவுடர் கொட்டினாள். சாக்கடையில் விழுந்த மாப்பிள்ளை பவுடர் பூசிக்கொண்டு மேடை ஏறிய மாதிரி ஒரு புது வாசம் வந்ததே தவிர, பழையது போகவில்லை. பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து, புத்தகம் இரண்டு பங்கு தடித்துவிட்டது. ஆனால் எழுத்து அழியவில்லை.

இனி ஒளிக்கவில்லை அவள். வாசற்படியில் உட்கார்ந்து, மூக்கைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, அந்த நாற்றத்தைத் தெருவுக்கே விரித்து வைத்துப் படித்தாள். நீங்கள் ஓடினீர்களே, அது இதற்காகத்தான்.

நைனா ஷிப்டு முடிந்து வந்து வாசலில் நின்றார்.

"அந்தக் கப்படிக்கிற புக்க எட்து வெளிய போடு."

"போட்டதுதானே நைனா. நீதானே போட்ட."

நைனா உள்ளே போனார். தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாப்பிட்டார். பரீட்சை முடிகிற வரைக்கும் அப்படித்தான். அடுத்தவன் எச்சில் வேண்டாம் என்று அவர் எறிந்தார். இப்போது ஊரார் கழுவியது அத்தனையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் வேறு என்ன செய்வார்?

பரீட்சை முடிந்து சரஸ்வதி பூஜை வந்தது. அம்மிக்கல்லை ஷோகேஸிலிருந்து இறக்கி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அதன் தலையில் பொரிகடலைத் தட்டை வைத்தார்கள். மாமா கற்பூரம் காட்டினார். நீலத்தை யாரும் பூஜைக்குக் கேட்கவில்லை. அது பாத்ரூம் தகரக் கூரை மேல் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

லீவு முடிந்ததும் பெற்றவர்களை வரச் சொன்னார்கள். நைனா பெர்மிஷன் போட்டார். மாமாவும் அடையாள அட்டையோடு வந்தார், இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று. எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் தனியாக விட்டால் ஷோகேஸை உடைப்பேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் அக்காவின் கையைப் பார்த்தேன். விரல் நகங்களைத் துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மிஸ் பேப்பர்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "எல்லாத்துலயும் பாஸ். பயாலஜில சொந்தமா எழுதியிருக்கா, மத்தவங்க மாதிரி உருப்போட்டு எழுதல. இங்கயே இருக்கட்டும்."

அக்கா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மாமா எழுந்தே விட்டார்.

"நாங்க வாங்கிக் குட்த்த டிக்‌ஷனரி அப்டி மிஸ். நான்தான் பாத்து செலக்ட் பண்ணேன்."

"அப்படியா? எது? மத்த பிள்ளைங்களும் கேக்கறாங்க. வச்சிருந்தா காட்டும்மா."

அக்கா பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவர் ஒன்று, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் மிஸ் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, எலி கிலி செத்திருக்கா?"

"இல்ல மிஸ். காவா."

"காவாயில எப்படி விழுந்துச்சு?"

"கை தவறி வுயுந்துட்ச்சி மிஸ்," என்றார் மாமா.

"கை தவறல மிஸ்," என்றாள் அக்கா. "எங்க நைனா எறிஞ்சாரு. நான் எட்தாந்தேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வேறு நாற்றத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்தது. மிஸ் நைனாவைப் பார்த்தார். நைனா தன் செருப்பைப் பார்த்தார். மிஸ் ஒரு விரல் நுனியால் ஒரு பக்கத்தைத் திருப்பினார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு மூக்கில் இருக்க, நின்றபடியே கொஞ்ச நேரம் படித்தார்.

"நல்ல டிக்‌ஷனரிதான்," என்றார். "கிளாசுக்குள்ள மட்டும் கொண்டு வராதம்மா. பக்கத்துப் பிள்ளைங்களுக்குச் சோறு எறங்கலியாம்."

கேட்டுக்கு வெளியே வந்ததும் மாமா பான் எச்சிலைச் சுவரில் துப்பினார். "பெத்தவன நிக்க வெச்சி அசிங்கப்படுத்திட்டா. இதுக்குத்தான் பொட்டப் புள்ளைங்கள..." என்று தொடங்கினார். நைனா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா பூந்தமல்லி பஸ் ஏறிப் போனார். மழை பிடித்துக்கொண்டது. நைனா கையோடு கொண்டு வந்த மழைக் கோட்டை மாட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். இரண்டு பக்கமும் தார்ப்பாய் இறக்கியிருந்தது. உள்ளே ஆள் மேல் ஆள். காற்றுப் போக வழியில்லை. அக்காவின் மடியில் அந்த மூட்டை இருந்தது. அவசரத்தில் முடிச்சைச் சரியாகப் போடவில்லை.

முதலில் ஒரு அம்மா, "யாருப்பா அது?" என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்து முறைத்தார். நான் அக்காவைக் காட்டினேன். நைனா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்த்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"வண்டிய... நிறுத்துப்பா," என்றார் ஓட்டுநரிடம். குதித்து இறங்கி, ரோட்டோரம் குந்தி வாந்தி எடுக்க ஆரம்பித்தார். காலையில் தின்ற இட்லி, கிளம்பும்போது குடித்த டீ, எல்லாம். மழைத் தண்ணீரில் அது எங்கள் செருப்பை நோக்கி வந்தது. நான் குதித்துத் தள்ளிப் போனேன். அக்கா போகவில்லை. ஒரு கையால் நைனாவின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையில் புத்தக மூட்டையைத் தலைக்கு மேல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். நைனா குமட்டக் குமட்ட அவள் நெற்றியை விடவில்லை.

ஒரு வழியாக அடங்கியது. நைனா முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"புக்கு மேல எதுனா பட்ச்சா?"

"இல்ல நைனா."

"நல்லா பாரு."

அக்கா மூட்டையை இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "படல நைனா."

நைனா எழுந்தார். சட்டைக்கு மேலே போட்டிருந்த மழைக் கோட்டைக் கழற்றி அந்த மூட்டை மேல் போர்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போர்த்தினார். அப்புறம் முன்னால் நடந்தார், ஏனென்றால் ஷேர் ஆட்டோக்காரர் எங்களை மறுபடி ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.